பெட்டியின் மேல் மட்டும் பொட்டு

போன மாதம் பினாங்கு கெலுகோரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் என் பழைய ஆபீஸ் பிள்ளைகள் எனக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். நான் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் கூப்பிடுகிறார்கள் என்றால் ஒன்று என் மேல் பாசம், இல்லை ஏதோ ஒரு பழைய புரோகிராம் மக்கர் பண்ணுகிறது என்று அர்த்தம். இரண்டும் இருக்கலாம்.

ரசம் பரிமாறும் நேரத்தில் வினோதினி கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருபவள் அவள். திரையில் எங்கள் ஆபீஸின் செயல்முறைப் பட்டியல் இருந்தது. புதிதாக ஒரு வெப் புராஜெக்ட் தொடங்கும்போது எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்று எண் போட்டு எழுதியது. அதன் முதல் வரி இப்படி இருந்தது: படி ஒன்று. பொட்டு, பெட்டியின் மேல் மட்டும். சிடியின் மேல் வேண்டாம்.

"மத்த ஸ்டெப் எல்லாம் மாத்தி மாத்தி புதுசாக்கிட்டோம் அக்கா. இந்த முதல் ஸ்டெப்ப மட்டும் யாரும் தொடல. எங்ககிட்ட பெட்டியும் இல்ல, சிடியும் இல்ல. ஒரு கமாண்ட் அடிச்சா நாப்பது செகண்ட்ல புராஜெக்ட் ரெடி. இத டிலீட் பண்ணிடட்டா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்து ரசம் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்து, முதுகில் தட்டி, ஒருவழியாக என்னைக் காப்பாற்றினார்கள். கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர்களுடைய சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. மீதியை எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாதியிலிருந்து எழுத எனக்கு வராது, அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், பத்தொன்பது வயதில், பீச் ஸ்திரீட்டில் இருந்த அந்தச் சரக்கு நிறுவனத்தில் சேர்ந்தேன். கப்பலிலும் விமானத்திலும் வரும் சாமான்களை இறக்கி, சுங்கத்தில் காகிதம் முடித்து, தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் வேலை அவர்களுடையது. என் வேலை அட்டையில் ஓட்டை போடுவது. கேலியாகச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்ல அட்டையில்தான் ஓட்டை போட வேண்டும். பிறகு அட்டை போய் டெர்மினல் வந்தது. ஓட்டைக்குப் பதில் எழுத்து, மற்றபடி அதே வேலை. மாலை வகுப்புக்குப் போய் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன், சான்றிதழும் வாங்கினேன். அதை ஆயர் ஈத்தாமில் இருந்த எங்கள் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார் என் கணவர். ஆபீஸில் அதைப் பார்த்து யாரும் எனக்குப் புரோகிராம் எழுதக் கொடுக்கவில்லை. பத்தொன்பது வருஷம் முடிந்தபோதும் என் பதவி ஆபரேட்டர்தான்.

பக்கத்து நாற்காலியில் ரொக்கியா. அவளுடைய அம்மா மலாய், அப்பா தமிழ் முஸ்லிம், பினாங்கில் அப்படி நிறையக் குடும்பங்கள் உண்டு. அவள் தமிழ் பேசினால் நடுவே மலாய் வரும், மலாய் பேசினால் தமிழ் வரும், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். சாமான் வந்துவிட்டதா என்று தொழிற்சாலைகளிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கெல்லாம் பதில் சொல்வது அவள் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் மேலே மிஸ்டர் நடராஜா.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் குமாஸ்தா. இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்றாலும் தமிழ் மட்டும் வீட்டுத் தமிழாகவே இருந்தது. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மேசையில் பச்சை அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். கம்ப்யூட்டரில் எந்தப் புது வேலை செய்தாலும் முதலில் அந்த நோட்டில் நான்கு பத்தி கோடு போடுவார். முதல் பத்தியில் படியின் எண்ணும் செய்ய வேண்டியதும். இரண்டாவதில் எதிர்பார்ப்பது. மூன்றாவதில் கண்டது. நான்காவதில் செய்தவர் பெயர். எதிர்பார்ப்பது என்ற பத்தியை வேலை தொடங்கும் முன்பே நீலப் பேனாவால் நிரப்பிவிடுவார். கண்டது என்ற பத்தியை வேலை நடக்க நடக்கத்தான் எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த படி. ஒரு எழுத்து வித்தியாசம் என்றாலும், "பிள்ளை, கையை எடும்" என்பார். கையை எடுத்துவிட வேண்டும். கீபோர்டைத் தொடக் கூடாது. சிவப்புப் பேனா வெளியே வரும்.

அது எங்களுக்குப் பெரிய வேடிக்கை. மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் ரொக்கியா, "எதிர்பார்த்தது கோழி. கண்டது கத்தரிக்காய். கையை எடும்" என்பாள். அவர் காதிலும் ஒரு முறை விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. நான்காவது பத்தியில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. தட்டுவது என் விரல்கள், செய்தவர் என்ற இடத்தில் பத்தொன்பது வருஷமும் அவர் பெயர். பொறுப்பு அவருடையது, அதனால் பெயரும் அவருடையது என்பது அவர் நியாயம். கேட்டுச் சண்டை போடும் துணிச்சல் எனக்கு அப்போது இல்லை.

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம் ஒரு நாள் மேலாளர் மிஸ்டர் லிம் எங்களைக் கூப்பிட்டார். இன்டர்நெட் என்ற சொல் எல்லார் வாயிலும் வந்துவிட்ட காலம் அது. கோலாலம்பூரில் ஒரு கம்பெனி எங்கள் சரக்குக் கணினி வேலை முழுவதையும் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் சாமான் எங்கே இருக்கிறது என்று வெப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அது வந்தால் எங்கள் அறையே தேவையில்லை. வருஷக் கடைசியோடு எங்களை அனுப்பிவிடுவதாக மிஸ்டர் லிம் தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்ல மனுஷன், முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மிஸ்டர் நடராஜா எழுந்து நின்றார். அதே மாதிரி ஒரு பக்கத்தை நாங்களே செய்து காட்டுகிறோம், ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டார். இதற்கென்று ஃபிரேம்வொர்க் ஒன்று விற்கிறது, அதை மட்டும் வாங்கித் தாருங்கள் என்றார். யார் செய்வார் என்று கேட்டார் மிஸ்டர் லிம். "சரோஜா" என்றார் இவர். சரோஜா நான்தான். வெளியே வந்ததும், "சார், நான் வெப்பே பார்த்ததில்லையே" என்றேன்.

"ஓம், நானும் பார்க்கேல்ல. அதாலதான் ஒழுங்கா எழுதிச் செய்யப் போறம்" என்றார்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. அதற்கு முன்னால் வெப் பக்கம் செய்ய வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் தரையிலிருந்து கட்ட வேண்டும். ஃபிரேம்வொர்க் என்பது தூணும் கூரையும் போட்டுக் கொடுத்துவிட்டு, சுவரையும் வாசலையும் மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் சாமான். அன்றைக்கு அது பெட்டியில் வந்தது. மூன்று தடிப் புத்தகம், இரண்டு சிடி. கோலாலம்பூரிலிருந்து வந்துசேரவே மூன்று வாரம் ஆனது. வந்த நாள் செவ்வாய்க்கிழமை. அடுத்த திங்கள் காலை மிஸ்டர் லிம்முக்குச் செய்து காட்ட வேண்டும். இன்றே தொடங்கிவிடலாமா என்று கேட்டேன்.

மிஸ்டர் நடராஜா நாட்காட்டியைப் பார்த்தார். மறுநாள் சரஸ்வதி பூசை, வியாழன் விஜயதசமி. "புது வித்தை. விஜயதசமியில தொடங்கினால்தான் சரி" என்றார். ஆறு நாளில் இரண்டு நாள் அப்படியே போயிற்று. எனக்கும் அது சரியாகவே பட்டது. இதில் நான் அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூசை பெரிதாக நடக்கும். கடைத்தெருவில் போய் பூ, பழம், சந்தனம் வாங்கி வருவது என் பொறுப்பு. அன்றைக்கு எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு. மானிட்டர், பிரிண்டர், மோடம், ரொக்கியாவின் போன், வாசலில் நிற்கும் லாரி வரைக்கும். மிஸ்டர் லிம் சுண்டலுக்காகவே கீழே இறங்கி வருவார். புத்தகங்களை எல்லாம் அடுக்கி, அதன் மேல் அந்தப் புதுப் பெட்டியை வைத்தோம்.

பெட்டிக்குப் பொட்டு வைக்கப் போனவள் யோசித்தேன். பெட்டி வெறும் அட்டை, நாளைக்குக் குப்பைக்குப் போகும். சக்தியெல்லாம் சிடியில் அல்லவா இருக்கிறது? முதல் சிடியை எடுத்தேன். மேல் பக்கம் முழுக்க எழுத்து. எழுத்து சரஸ்வதி, அதன் மேல் விரலை வைத்து அப்பக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குப் பழக்கம். திருப்பினேன். பின்பக்கம் கண்ணாடி போல் பளபளவென்று காலியாக இருந்தது. பொட்டு வைக்கவே விட்டுவைத்த இடம் போலத் தோன்றியது. நல்ல கெட்டிச் சந்தனமாக ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. உறையில் போட்டு, பெட்டியில் வைத்துக் கும்பிட்டேன். இந்த வேலை கிடைக்க வேண்டும், ரொக்கியாவும் நானும் இந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சிடியை லேசர் படிப்பது அந்தப் பளபளப்பான பக்கத்தைத்தான் என்பது வியாழக்கிழமை காலைதான் எனக்குத் தெரிந்தது.

காலை எட்டரைக்குத் தொடங்கினோம். பச்சை நோட்டில் நாற்பத்தொரு படி. படி ஒன்று, கம்ப்யூட்டரைப் போடு. படி இரண்டு, தட்டில் சிடியை வை. நான் எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன், அவர் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. படி மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் ஒழுங்காகப் போயின. எதிர்பார்த்ததும் கண்டதும் ஒன்றாகவே இருந்தன. படி ஒன்பதில் கோப்புகள் ஏறத் தொடங்கின. நீலக் கோடு ஒன்று திரையில் நகர்ந்தது. முப்பது சதவீதம், ஐம்பது, அறுபத்திரண்டு. அங்கே நின்றுவிட்டது. டிரைவ் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம்.

"கையை எடும்" என்றார்.

எடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினார். பிறகு போன் பேசப் பக்கத்து அறைக்குப் போனார். நான் தட்டைத் திறந்து சிடியைத் திருப்பினேன். என் சந்தனம் அங்கேயே, காய்ந்து, லட்சணமாக இருந்தது. அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்தான். கைக்குட்டையை எடுத்து, யாருக்கும் தெரியாமல் துடைத்துவிடலாம் என்று, வட்டமாக அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் பாதி போயிற்று. குங்குமம் நரநரவென்று சிடி முழுக்கக் கோலம் போட்டது.

"அலாமா, சரோ! என்ன பண்ற நீ?" என்றாள் ரொக்கியா.

மிஸ்டர் நடராஜா திரும்பி வந்து நின்றார். கைக்குட்டையைப் பார்த்தார், சிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான் சார். நேத்து பூசையில பொட்டு வெச்சேன். பின்பக்கம் எழுத்து இல்லையேன்னு..." கைக்குட்டையை மேசையில் வைத்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "எந்தப் புத்தகத்தில இப்பிடி எழுதியிருக்கு, பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். கோலாலம்பூருக்குப் போன் போட்டாயிற்று, புது சிடி வர இரண்டு வாரம் ஆகுமாம், திங்கட்கிழமைக்கு இதுதான் என்றார். பிறகு, ஒரு பொருளைப் பூசையில் வைப்பதற்கும் அதற்குப் பூசுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் விளக்கினார். கருவி என்பது கருவி, பக்தி என்பது மனதில், நுட்பமான சாமானை நுட்பமாகக் கையாள வேண்டும் என்றார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி, நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டாவது சிடியையாவது ஏத்துவம்" என்று உறையைத் திறந்து அந்தச் சிடியைத் தாமே எடுத்துத் திருப்பினார்.

பளபளப்பான பக்கத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், மூன்று விரலால் இழுத்த திருநீறு. மூன்று கோடும் அளவெடுத்த மாதிரி நேராக இருந்தன.

ரொக்கியா அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், இதுவும் சரோவா?"

அவர் தம் வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. "இல்லை. இது நான்" என்றார். "நீங்கள் எல்லாரும் சுண்டல் சாப்பிடப் போன பிறகு."

நான் எவ்வளவோ அடக்கினேன். ரொக்கியாதான் முதலில் வெடித்தாள். அவளைப் பார்த்து நான், எங்களைப் பார்த்து கடைசியில் அவர். பத்தொன்பது வருஷத்தில் அவர் சத்தமாகச் சிரித்து நான் அப்போதுதான் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை இழுத்தார். சிவப்புப் பேனாவால் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். எதிர்பார்த்தது: சிடி. கண்டது: திருநீறு. செய்தவர்: நடராஜா. அதற்கு மேல் வரியில் என் சந்தனமும் என் பெயரும் இருந்தன. அந்த நோட்டில் நான்காவது பத்தியில் என் பெயர் ஏறிய முதல் தடவை அது. இப்படியா ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் புதுப் பக்கம் திருப்பினார். சிடி கழுவுவதற்கு ஒரு செயல்முறை எழுதினார். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு. விரல் நுனியால் மட்டும் தொட வேண்டும். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக, ஒருபோதும் வட்டமாக இல்லை. லேசர் வட்டமாகத்தான் படிக்கிறது, வட்டமான கீறல் அதன் பாதையை முழுசாக மறைத்துவிடும், குறுக்குக் கீறல் என்றால் தாண்டிப் போய்விடும் என்று விளக்கினார். சின்னக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல பேண்ட்ரியில் நின்று இரண்டு சிடியையும் குளிப்பாட்டினோம்.

அவருடைய திருநீறு தண்ணீரோடு போய்விட்டது. இரண்டாவது சிடி முழுசாக ஏறியது. என் சிடி எண்பத்தெட்டு சதவீதம் வரைக்கும் போய் நின்றது. பொட்டு போய்விட்டது, நான் ஒளித்துத் தேய்த்த கீறல் போகவில்லை. உடனே சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரொக்கியா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பற்பசைக் குழாயை எடுத்தாள். மதியம் சாப்பிட்டதும் பல் துலக்குகிறவள் அவள். "என் தம்பி பாட்டு சிடி கீறினா இதத்தான் போடுவான். போலே லா, முடியும் சார், ட்ரை பண்ணலாம்" என்றாள்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத வேலை. மிஸ்டர் நடராஜா பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் எழுதினார். எதிர்பார்ப்பது என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அவர் அப்படிப் போட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. பருத்தித் துணியில் பட்டாணி அளவு பற்பசை, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர்கோடாக, நூறு தடவை. நான் தேய்த்தேன், ரொக்கியா எண்ணினாள். கழுவி, உலர்த்தி, தட்டில் வைத்தேன். அறுபத்திரண்டு. எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. ரொக்கியா என் தோளைப் பிடித்துக் கிள்ளினாள். நூறு. ஆபீஸ் முழுக்கப் புதினா வாசம்.

பெட்டியைத் திறக்கவே ஒரு நாள் போயிற்று என்று நினைத்தால், அதற்குப் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. புராஜெக்டுக்குப் பெயர் என்ன என்று திரை கேட்டது. சாமான் என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். ஒரு பொத்தான். அது தானாகவே மூன்று அறை கட்டிக் கொடுத்தது. முகம் ஒரு அறையில், கேள்வி ஒரு அறையில், தரவு ஒரு அறையில். எதை எங்கே எழுத வேண்டும் என்று அதற்கே தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பிரவுசரைத் திறந்து முகவரியைத் தட்டினேன். சாம்பல் நிறப் பக்கத்தில் ஒரே ஒரு வரி வந்தது, உங்கள் புரோகிராம் வேலை செய்கிறது என்று. அவ்வளவுதான். படம் இல்லை, நிறம் இல்லை. பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் சொன்னதைத் தட்டிக்கொண்டிருந்த எனக்கு, நான் சொன்னதைக் கேட்டு ஒரு இயந்திரம் எழுந்து நின்றது அன்றைக்குத்தான். அவ்வளவு சந்தோஷப்பட்டேன். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய என் கணவருக்குப் போன் போட்டு, "வந்துடுச்சுங்க" என்றேன். அவர் யாரோ விருந்தாளி வந்துவிட்டார் என்று நினைத்துக் கோழி வாங்கி வந்துவிட்டார்.

சனிக்கிழமை அரை நாளில் மீதி வேலையை முடித்தோம். சாமானின் எண்ணைத் தட்ட ஒரு கட்டம், அதன் கீழே ஒரு பொத்தான். அழுத்தினால் கப்பலில் இருக்கிறதா, சுங்கத்தில் இருக்கிறதா, லாரியில் ஏறிவிட்டதா என்று வரும். எங்கள் பழைய கணினியின் தரவோடு அதை இணைக்கப் பதினேழு படி. "கையை எடும்" நான்கு தடவை.

மிஸ்டர் லிம் வைத்த சோதனை ரொம்பச் சுலபமானது. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சாமான் பொறுப்பாளர் முனியாண்டி அண்ணன். ஏழு வருஷமாக ஒவ்வொரு வேலை நாளும் காலை ஒன்பதே காலுக்கு ரொக்கியாவுக்குப் போன் செய்து, "தங்கச்சி, நம்ம சாமான் வந்துச்சா?" என்று கேட்பவர். முகம் பார்த்ததில்லை, குரல்தான். அவரிடம் மோடம் வைத்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை அவர் போன் செய்யாமல் வெப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டால் நாங்கள் ஜெயித்தோம். போன் அடித்தால் கோலாலம்பூர். ரொக்கியா வெள்ளிக்கிழமையே அவருக்கு முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுத வைத்திருந்தாள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு மிஸ்டர் லிம் வந்து எங்கள் அறையில் உட்கார்ந்தார். மேசை நடுவில் போன். பக்கத்தில் திரை. யாராவது எங்கள் பக்கத்தைக் கேட்டால் அந்த ஃபிரேம்வொர்க் ஒரு கறுப்பு ஜன்னலில் ஒரு வரி எழுதும். அதில் எழுதியவுடன் எங்களுக்குத் தெரியும். ஒன்பதே கால் ஆயிற்று. போன் அடிக்கவில்லை. வரியும் வரவில்லை. ஒன்பது இருபது. அவர் லீவோ என்று நினைத்தேன். ஒன்பது இருபத்திரண்டுக்கு ஒரு வரி வந்தது. அதன் கூடவே, அப்படி ஒரு சாமான் இல்லை என்று இன்னொரு வரி.

"கையை எடும்" என்றார் மிஸ்டர் நடராஜா, என் கை மடியில் இருந்தபோதே.

ரொக்கியா திரைக்குள் முகத்தை விட்டுப் பார்த்தாள். "இது நம்ம ஆபீஸ் போன் நம்பர் லா!" என்று கத்தினாள். பாவம் மனுஷன், ஏழு வருஷப் பழக்கம். எண்ணைத் தட்டு என்று கட்டம் கேட்டதும் எங்கள் போன் எண்ணைத் தட்டிவிட்டார். மிஸ்டர் லிம்முக்கு ஆங்கிலத்தில் விளக்கினோம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டு நிமிஷம் கழித்து மூன்றாவது வரி வந்தது. சரியான எண். அவருடைய சாமான், காலை லாரியில் ஏறியது, அதைக் காட்டும் பக்கம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு நான்காவது வரி, ஐந்தாவது, ஆறாவது. அவர் பெயரில் இருந்த சாமான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் போன மாதமே வாங்கிக்கொண்ட சாமானைக்கூடப் பார்த்தார். நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம். ரொக்கியா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது நாற்பதுக்குப் போன் அடித்தது.

மிஸ்டர் லிம் போனைப் பார்த்தார். ரொக்கியா எடுத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தங்கச்சி, நான் முனியாண்டி. சாமான் லாரில ஏறிடுச்சு, நானே பார்த்துட்டேன் லா. சூப்பரா இருக்கு."

"அப்புறம் எதுக்குண்ணே போன் பண்ணீங்க?" என்றாள் ரொக்கியா.

"அதான் ஒன்னும் இல்ல. ஏழு வருஷமா உன் குரலக் கேட்டுட்டுத்தான் தே தாரே குடிப்பேன். இன்னிக்கு டீ இறங்கவே மாட்டேங்குது, அதான்."

மிஸ்டர் லிம்முக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை மிஸ்டர் நடராஜா சொன்னார். மிஸ்டர் லிம் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்போ ரெண்டாவது புராஜெக்ட யார் செய்யறது?" என்று ஆங்கிலத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார். கோலாலம்பூர் என்ற பேச்சு அதோடு முடிந்தது. வியாழக்கிழமை ஏன் ஒரு நாள் போயிற்று என்று கேட்டார். மிஸ்டர் நடராஜா எதையும் மறைக்காமல் பச்சை நோட்டை நீட்டினார்; அதில் அவர் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில்தான். சந்தனம், திருநீறு, பற்பசை எல்லாம் படித்து முடித்தவர், இனிமேல் இதுதான் முதல் படியாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்த வருஷம் ஆயுத பூசைக்குச் சந்தனக் கிண்ணத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, பெட்டியின் மேல் மட்டும்தானே என்று என்னிடம் கேட்டு வைத்தார்.

ஆக, வினோதினி, அந்த வரி வந்த கதை இதுதான். டிலீட் பண்ணுவதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் நோட்டில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, அதைப் பட்டியலில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை எல்லாரும் போன பிறகு மிஸ்டர் நடராஜா நோட்டின் கடைசி வரியை நிரப்பினார். நான் பக்கத்தில் நின்றேன். எதிர்பார்ப்பது என்ற இடத்தில், போன் அடிக்காது என்று காலையிலேயே எழுதி வைத்திருந்தார். கண்டது என்ற இடத்தில், போன் அடித்தது என்று எழுதினார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அவர் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. நீலப் பேனாவாலேயே, பக்கத்தில், மேலே செல்லலாம் என்று எழுதினார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டி, "நாலாவது பத்தியை நீரே எழுதும்" என்றார். செய்தவர் என்ற இடத்தில் சரோஜா என்று எழுதினேன்.